சத்தமில்லாத பதினொரு பாடங்கள்

பல் டாக்டர் ஆக வேண்டுமென்றால் வாயு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. வாயுவின் கன அளவைக் கணக்குப் போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் பொது வேதியியலுக்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. அதில் ஐம்பது எடுக்காதவர் மற்றதில் எல்லாம் தலைகீழாக நின்று மார்க் வாங்கினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பஞ்சு அப்படி இரண்டு முறை வீட்டுக்குப் போனவள். முதல் முறை நாற்பத்தொன்று, இரண்டாம் முறை நாற்பத்தேழு. மூன்று தடவைக்கு மேல் யாரையும் எழுத விடமாட்டார்கள். ஆக, அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தடவை.

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஒன்பது வருடமாக அவள் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ஒரு நாளைக்கு நூறு தடவை "பஞ்சு" என்பார், இவள் இடுக்கியில் பஞ்சுருண்டையை எடுத்துக் கொடுப்பாள். வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்த நோயாளிகள் அதையே அவள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். "பஞ்சு, டாக்டர் வந்தாச்சா?" என்று போனில் கேட்க ஆரம்பித்தார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்துப்போய், கடைசியில் அவளே "ஆமாங்க, பஞ்சுதான் பேசுறேன்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அவளுக்குப் புத்தகத்தை விரித்து உட்கார நேரமே கிடையாது. காலை ஆறேமுக்காலுக்குக் கிளம்பினால் இரண்டு பஸ் மாற வேண்டும். கிளினிக்கில் நாற்காலியைத் துடைப்பது, கருவிகளைக் கழுவி நீராவிப் பெட்டியில் வைப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, உதைக்கிற பிள்ளைகளின் காலைப் பிடிப்பது எல்லாம் அவள்தான். வீடு திரும்ப மாலை ஏழு ஆகும். கை எப்போதும் ஈரம், கண் எப்போதும் யாரோ ஒருவரின் வாய்க்குள். சும்மா இருந்தது காது மட்டும்தான். அதனால் இரண்டாவது தடவை தோற்றதும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேதியியல் புத்தகத்தில் இருபது பாடங்கள். ஒவ்வொன்றையும் நான்கைந்து துண்டாகப் பிரித்து, துண்டுக்கு இருபது நிமிடமாகத் தன் குரலிலேயே வாசித்துப் போனில் பதிவு செய்வது. பிறகு பஸ்ஸிலும், கருவி கழுவும்போதும், வீட்டில் துணி மடிக்கும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பது.

தினமும் மாலை ஏழரைக்குப் பதிவு. வாசிப்பில் பிழை விழுந்தால் அதே துண்டை மறுநாளும் வாசிப்பாள், ஒன்று சரியாக வர இரண்டு மூன்று நாள் ஆகும். மின்விசிறியை நிறுத்துவாள், ஜன்னலைச் சாத்துவாள், பிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிடுவாள். இரண்டாவது மாடியில் ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான் அந்த வீடு. அந்த ஒரே அறையில் அவள் வாசிக்க, எதிரே அம்மா தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரி சீருடைச் சட்டைகளை மொத்தமாக எடுத்துத் தைக்கிறவள். பட்டன் வேலை மட்டும் அம்மாவுக்கு. ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். வருடக்கணக்காக அதுதான் அம்மாவின் கைவேலை.

பத்து மாதத்தில் இருபது பாடமும் பதிவாகி முடிந்தது. முடிந்த இரண்டாவது வாரம் அம்மா சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். அதற்குமேல் இல்லை.

பதிமூன்றாம் நாள் பஞ்சு மறுபடியும் பஸ் ஏறினாள். தேர்வுக்கு நாற்பத்துமூன்று நாள் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் காதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள். பதிவில் அவள் குரல் வாசித்துக்கொண்டே போனது. இரண்டாவது பாடத்தில் அம்மா பேசினாள்.

"என்னடி அது மோல்?"

"டஜன் மாதிரிம்மா. டஜன்னா பன்னெண்டு. மோல்னா ஆறு போட்டு, பின்னாடி இருபத்திமூணு சைபர்."

"அவ்வளவையும் யாரு உக்காந்து எண்ணுனா?"

"யாரும் எண்ணலம்மா. கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க."

"அப்போ எண்ணாமத்தான் சொல்றாங்க. நான் நாலு பட்டன் குறைச்சுத் தச்சுட்டு, கணக்குப் போட்டேன்னு சொன்னா கீழ இருக்கவ விடுவாளா?"

பதிவில் பஞ்சு சிரிக்கிறாள். பஸ்ஸிலும் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியதும் பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காவது பாடத்தில், சூடு ஏற ஏற வாயு விரியும் என்று வாசிக்கிறபோது, "உங்க அப்பாவும் அப்படித்தான் இருந்தாரு" என்கிறாள் அம்மா. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவர் கோபத்தைப் பற்றி வீட்டில் இப்போதெல்லாம் யாரும் பேசுவதில்லை, வேதியியலில்தான் அது பத்திரமாக இருக்கிறது.

இப்படி ஒரு வாரம் பஸ்ஸில் அம்மாவைக் கேட்டாள். பாடம் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. ஏறவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஆறாவது பாடத்தில் முதல் இருமல் வந்தது. ஒரே ஒரு வறட்டு இருமல். ஏழாவது பாடத்தின் ஒவ்வொரு துண்டிலும் நான்கு, ஐந்து. எட்டாவது பாடத்தில் கரைசலைப் பற்றி வாசித்துக்கொண்டே போகிறவள் நடுவில் நிறுத்தி, பெருமூச்சு விட்டு, அதே வரியை மறுபடி வாசிக்கிறாள். எண்ணிப் பார்த்தால் ஒரு துண்டில் மூன்று இடத்தில் அப்படி. பதிவு செய்த காலத்தில் அதை எரிச்சலோடு கேட்டது ஞாபகம் வந்தது. ஒன்பதாவது பாடத்தில் எரிச்சல் வாயைத் திறந்தே வெளியே வந்திருந்தது.

"அம்மா, உயிரை வாங்காதம்மா. இது மூணாவது தடவை. ஒரு இருபது நிமிஷம், வெறும் இருபது நிமிஷம் சத்தம் போடாம இருக்க முடியாதா?"

"வேணும்னா இருமுறேன்? வருது, என்ன பண்ணச் சொல்ற?"

"வந்தா அடக்கு. எனக்கு இது கடைசி சான்ஸ். எனக்காக இது ஒண்ணாவது பண்ணேன்."

ஊசி டப்பா மூடும் சத்தம் கேட்கிறது. பிறகு அம்மா, "சரி, படி" என்கிறாள்.

எனக்காக இது ஒன்றாவது. பட்டன் தைத்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கின ஒருத்தியிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவளுக்கே அன்றைக்கு உறைக்கவில்லை. அந்தத் துண்டை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிழைகூட இல்லாமல் சரளமாக வாசித்து முடித்துவிட்டதால், போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து கிளினிக்குக்குத் திரும்பி வந்தாள். ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாமதம்.

பத்தாவது பாடத்திலிருந்து இருபதாவது வரை சுத்தம். அந்தச் சண்டைக்குப் பிறகு பஞ்சு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் வாசித்தாள். பதினொரு பாடங்களிலும் அம்மா பேச்சும் இல்லை, இருமலும் இல்லை, ஊசி டப்பா மூடும் சத்தம்கூட இல்லை. பஞ்சுவுக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. கடைசி ஐந்து மாதம் அம்மா கஷ்டப்படவில்லை, நோய் சத்தம் காட்டாமல் வந்து ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்தவர்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு ஒன்பதாவது பாடம் நடந்த சமயத்தில் ஒருநாள் கடைவாய்ப்பல் வலித்தது. கிளினிக்குக்குக் கூட்டிவந்து நாற்காலியைச் சாய்த்ததும் அடக்க மாட்டாமல் இருமினாள். டாக்டரம்மா பல்லை விட்டுவிட்டு முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி பஞ்சுவின் கையில் கொடுத்து, "தள்ளிப் போடாதே, சீக்கிரம் கூட்டிட்டுப் போ" என்றார். அங்கே போனால் ஒரு முழு நாள் போய்விடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது. ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா ஞாபகமாகக் கேட்டார்.

"அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?"

"நின்னுடுச்சு டாக்டர். நான்தான் தினமும் ரெக்கார்ட் பண்றேனே. இருபது நிமிஷத்துல ஒரு இருமல்கூட விழறதில்ல."

அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும். டாக்டரம்மாவும் நம்பினார். கடிதம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. மற்ற நேரத்தில் அம்மா இருமினாளா என்றால், பஞ்சுவுக்குத் தெரிய வழியில்லை. வீட்டில் இருந்த நேரமெல்லாம் அவள் காதில் வேதியியல் ஓடிக்கொண்டிருந்தது. தூங்குவதற்குச் சமையலறைதான் காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லி அம்மா பாயை அங்கே கொண்டுபோய், கதவையும் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய டாக்டர், நுரையீரலில் கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இத்தனை நாள் இருமலே இல்லையா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், நின்னு போச்சு" என்றாள் பஞ்சு. அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டுத் தையல்காரி மேலே வந்தாள். கையில் அம்மாவின் ஊசி டப்பாவும், பாதி பட்டன் தைத்த இரண்டு சட்டைகளும்.

"இத நான்தான் எடுத்து வச்சிருந்தேன். உடனே குடுக்க மனசு வரல" என்றாள்.

"இது எப்படிக்கா உங்ககிட்ட வந்துச்சு? அம்மா இத எங்கயும் விட மாட்டாளே."

"மாடிப்படியில இருந்துச்சு. கடைசி வரைக்கும் அங்கதான உக்காந்து தைப்பாங்க."

"எப்போ?"

தையல்காரிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. சொல்வதா வேண்டாமா என்று டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பஞ்சு விடவில்லை.

"சொல்லுங்கக்கா."

"சாயங்காலம் நீ பாடம் பேச ஆரம்பிச்சதும் வெளிய வந்துடுவாங்க. நடுப்படியில உக்காருவாங்க, அங்கதான் பல்பு வெளிச்சம் விழும். மூணு சட்டை முடிச்சா உன் பாடமும் முடியும்னு சொல்லுவாங்க. முடிஞ்சதும் சத்தமில்லாம உள்ள போயிடுவாங்க. நான் கூப்பிட்டுப் பாத்தேன், கீழ வந்து என் வீட்ல உக்காருங்கன்னு. வேண்டாம், அவ கதவைத் திறந்தா நான் பக்கத்துல இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

"இருமுனாளா?"

தையல்காரி டப்பாவைப் பஞ்சுவின் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, படியில உக்காந்து இருமுனாளான்னு கேக்குறேன்."

"இருமாம எப்படி? சட்டையச் சுருட்டி வாயில அழுத்திக்குவாங்க. என்னாலயே பாக்க முடியல. பொண்ணுகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். அதுக்கு, 'சொல்லித் தொலைச்சிடாதே. என் இருமலும் சேந்து பதிவாகி, அவ அதையும் பாடம்னு நினைச்சுப் பரீட்சையில எழுதி வச்சுட்டான்னா என்ன பண்றது'ன்னு சிரிச்சாங்க. சிரிச்சா இன்னும் இருமல் வரும்." வாசல் பக்கம் திரும்பியபடி சொன்னாள். "அந்தச் சட்டைங்களையெல்லாம் துவைச்சுதான் அனுப்பினேன். கறை இருந்துச்சு."

தையல்காரி போன பிறகு பஞ்சு ஊசி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் இப்படிச் செய்துவிட்டேனே, இப்படிச் செய்துவிட்டேனே என்ற ஒரே நினைப்புதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் இல்லை. போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் போட்டாள். பத்து நாள் பாடம் கேட்கவில்லை.

தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த வாரம் வந்தான். அக்கா தேர்வு எழுதப் போவதில்லை என்று சொன்னதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஏன் என்று கேட்டான். படிக்கட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எழுத வேண்டாம்னா எழுதாதக்கா" என்றான். "அம்மா ஆசைப்பட்டா, நீ எழுதினாத்தான் அவ ஆத்மா சாந்தியாகும்னு எல்லாம் ஊர்ல ஆயிரம் பேர் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நானும்தான் வந்து வந்து படுத்துத் தூங்கிட்டுப் போனேன். எனக்கும்தான் கேக்கல. நீ ஒருத்தி மட்டும் தூக்கிச் சுமக்காத."

கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். வாசல் கதவைப் பார்த்தபடி கேட்டான்.

"நம்ம கதவு வெறும் பலகைதானே. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கணுமே. அந்த ரெக்கார்டிங்ல எங்கயாவது கேக்குதா?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்தாள். ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி, பத்தாவது பாடத்தை ஓடவிட்டார்கள். "பாடம் பத்து, முதல் துண்டு" என்கிறாள் பஞ்சு. உடனே ஒரு சின்ன சத்தம். டக். இத்தனை நாள் அது போனின் சத்தம் என்று நினைத்திருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை மெதுவாக, விரலால் தாங்கிப் பிடித்து, சத்தம் வராதபடி நீக்கிப் பார்த்தான். டக் என்று அதே சத்தம்தான் வந்தது. எவ்வளவு மெதுவாக நீக்கினாலும் அந்தத் தாழ்ப்பாள் அவ்வளவு சத்தம் போடாமல் விடாது.

அதற்குப் பிறகு வேதிச் சமநிலையைப் பற்றி இருபது நிமிடம். வேறெதுவும் கேட்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் தம்பி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். இரண்டு நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்தவனை வேதியியல் வேறு தாலாட்டினால் பாவம் என்ன செய்வான். அவன் காதிலிருந்து கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள் பஞ்சு.

அன்றிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். படிப்பதற்காக இல்லை. தேர்வு என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அம்மாவின் ஒரு இருமல், ஒரே ஒரு இருமல், எந்தத் துண்டிலாவது கதவைத் தாண்டி வந்து விழுந்திருக்காதா என்று பார்த்தாள். பதினொரு பாடம், ஐம்பத்திரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, கருவி கழுவும்போது ஒரு தடவை கேட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர்க் குழாய் கேட்டது. தெருவில் ஹார்ன் கேட்டது. கீழே தையல் இயந்திரம் ஓடுவது கேட்டது. தன் பக்கம் புரட்டும் சத்தமும், எச்சில் விழுங்கும் சத்தமும்கூடக் கேட்டன. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அந்தத் தாழ்ப்பாள் கேட்டது. இருமல் மட்டும் கேட்கவில்லை. பாவி மகள் ஒன்றே ஒன்று கேட்டாள் என்று அம்மா அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்து கொடுத்திருந்தாள்.

குறுக்கே நின்றது வேதியியல்தான். அதை ஒதுக்கிவிட்டு அம்மாவை மட்டும் கேட்க முடியவில்லை. வலுக்குறைந்த அமிலத்தோடு அதன் உப்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது முடிந்தால்தான் அடுத்த நிசப்தம் வரும். மின்கலத்தில் எந்தத் தகடு கரையும் என்று சொல்லி மூச்சு வாங்குகிற அந்த அரை விநாடிக்காக, கரைகிற தகட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து நாள் இப்படிப் போனது. விண்ணப்பம் ஏற்கெனவே கொடுத்திருந்ததால் அனுமதிச் சீட்டு தானாக வந்து சேர்ந்தது. தம்பி போனில், "போய் உக்காந்துட்டு வா, வீட்ல இருந்தா மட்டும் என்ன பண்ணப் போற" என்றான். சரி என்று போனாள்.

தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைப் பிரித்தபோது அவளுக்குப் பயமே இல்லை. இழக்க இனி ஒன்றும் இல்லாதவளுக்கு என்ன பயம். கேள்வியைப் படித்தால் பதில் அவள் குரலிலேயே உள்ளே ஓடியது, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று நிற்காமல் ஓடியது. பென்சில் தன்பாட்டுக்கு வட்டங்களை நிரப்பிக்கொண்டே போனது. பாதி நேரம் ஆனபோது பின்வரிசையில் ஒரு ஆள் இருமினார். கண்காணிப்பாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினார், முகம் சிவந்துபோனது, தோள் குலுங்கியது. பஞ்சு பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருமுங்க. அடக்காதீங்க" என்றாள்.

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. கண்காணிப்பாளர் விறுவிறுவென்று வந்து அவள் சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"இங்க பேசக் கூடாதும்மா. இன்னொரு தடவை பேசினா வெளிய அனுப்பிடுவேன்."

"சரி சார். அவரை வெளிய அனுப்பிடாதீங்க" என்றாள் பஞ்சு. அந்த ஆள் நன்றாக இருமி முடிக்கிறவரை அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

முடிவு வந்த அன்று கிளினிக்கில் டாக்டரம்மாதான் கணினியில் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். உயிரியல் அறுபத்தெட்டு, இயற்பியல் ஐம்பத்தைந்து, வேதியியல் தொண்ணூற்றொன்று. டாக்டரம்மா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். சந்தோஷப்படுவதா, இந்தச் சமயத்தில் சந்தோஷப்பட்டால் தப்பா என்று அவருக்கும் தெரியவில்லை. பஞ்சு வெளியே காத்திருந்த அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனாள்.

கல்லூரியில் சேர்க்கைக்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மூத்த பேராசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மார்க் தாளைப் பார்த்தார்.

"முதல் தடவை கெமிஸ்ட்ரில நாப்பத்தொண்ணு. அப்புறம் நாப்பத்தேழு. இப்போ தொண்ணூத்தொண்ணு. என்னம்மா நடந்துச்சு நடுவுல?"

"பாடத்தை நானே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன் மேடம்."

"பரவாயில்லையே. எத்தனை தடவை கேட்ட?"

"கடைசி மாசத்துல முதல் ஒன்பது பாடம் அவ்வளவா கேக்கல. பத்துல இருந்து இருபது வரைக்கும் ஒவ்வொண்ணும் பத்து, பதினஞ்சு தடவை இருக்கும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடப்பக்கம் இருந்தவர் சிரித்தார்.

"ஏன், முதல் ஒன்பது பாடம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுல வீட்டுச் சத்தம் எல்லாம் இருக்கும் சார். பத்துல இருந்துதான் சத்தமே இல்லாம இருக்கும்."

"அதானே" என்றார் பேராசிரியை மற்ற இருவரிடமும். "நான் எப்பவும் சொல்றது இதைத்தான். படிக்கிறவங்களுக்கு வீட்ல அமைதி வேணும். அது பாதிப் பேருக்குக் கிடைக்கறதில்ல." பிறகு பஞ்சுவின் பக்கம் திரும்பினார். "உனக்கு யாரு அவ்வளவு அமைதியா வச்சுக் குடுத்தது?"

"அம்மா மேடம்."

"நல்ல அம்மா" என்றார் அவர், தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "சீட் கிடைச்சாச்சு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லு. மறந்துடாத."

"சொல்றேன் மேடம்" என்றாள் பஞ்சு.